பாதைக்காரன் இல்லாத துறை

வணக்கம் நேயர்களே. பேத்தி சொல்லித்தான் அனுப்பினாள், "அம்மம்மா, தந்த நேரத்துக்குள் முடியுங்கோ" என்று. பார்ப்போம்.

நான் பல வருடம் வாட்டுகளில் தாதியாக நின்றவள். தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் கழித்து வருகிற வலிப்பைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன். ஒரு தாய் சொன்ன சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அவவின் மகன் இரவில் வயலால் வரும்போது, ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிளை மோதிவிட்டான். இரண்டு நாள் நினைவில்லை. தலைக்குள் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்து, நடந்து, வயலுக்கும் போனான். பத்து மாதம் கழித்துக் கிணற்றடியில் முகம் கழுவினவன் விழுந்து துடித்தான். நூல் கட்டினார்கள். மூன்றாம் தரம் விழுந்த பிறகுதான் எங்களிடம் கூட்டி வந்தார்கள். "மிஸ்ஸி, அடி எப்பவோ ஆறிட்டுது. இது வேற ஏதோ" என்றா தாய்.

வேறு இல்லை அம்மா, அதே அடிதான். ஆறின மாதிரி இருந்தது தோல்.

இதை விளங்கப்படுத்த எனக்குக் குருமண்வெளித் துறையை விட்டால் வேறு உதாரணம் வராது. மண்டூருக்குப் போகப் பாதையில் ஏறியிருப்பீர்கள். மட்டக்களப்புக்கு வெளியே இருந்து கேட்பவர்களுக்கு: நாங்கள் பாதை என்பது ரோட்டை அல்ல, ஆளையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை. சின்ன வயதில் மண்டூர் முருகன் திருவிழாவுக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துறையில் நிற்பேன். சனம் நெருக்கும், கற்பூரத் தட்டோடு ஒருவர், முட்டிக்குள் பாலோடு ஒருவர். பாதைக்காரர் ஒருவர் குறுக்கே கையை நீட்டுவார். "போதும், இனி ஏறாதேயுங்கோ." அவ்வளவுதான், அத்தனை சனமும் நிற்கும். என் அப்பா யாருக்கும் அடங்காதவர், அவரே நிற்பார்! கரையில் அதிகாரம் யாருக்கு என்று அன்றைக்கு விளங்கியது.

மூளையும் அப்படித்தான். ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்துகின்றன. வாவிக்கு எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டு கரை இருக்கிற மாதிரி மூளைக்கும் இரண்டு பாதி, நடுவே தடித்த நார்க்கட்டு ஒரு பாலம். சில கலங்கள் "போ" என்கின்றன, சில "போதும்" என்று கை நீட்டுகின்றன. தலை வேகமாகப் போய் அடிபடும்போது மூளை உள்ளே குலுங்கி, மெல்லிய நார்கள் இழுபட்டு அறுகின்றன. சாதாரண ஸ்கானில் இது தெரியாமலும் போகலாம். கை நீட்டுகிற கலங்களிலும் பல செத்துப்போகின்றன. மிஞ்சினவை சும்மா இருப்பதில்லை, மாதக்கணக்கில் புதுக் கிளை விட்டுப் புது வழி தேடுகின்றன. பேச்சும் நடையும் திரும்புவதில் அந்தப் புது வழிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் சில வழிகள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்துவிடும். தடுக்கிற கை குறைந்த துறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறினால் என்ன நடக்கும்? அதுதான் வலிப்பு. அந்த வழி உருவாகத்தான் பத்து மாதம்.

பயப்படுத்த வரவில்லை. தலையில் அடிபட்ட பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு வருவதே இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 4,541 பேரைப் பின்தொடர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், லேசான அடிக்குப் பிறகு முப்பது வருடத்தில் 100இல் 2 பேருக்குத்தான் வந்திருந்தது. மூளை கன்றியவர்கள், உள்ளே இரத்தம் கட்டியவர்கள், ஒரு நாளுக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தவர்கள், இவர்களில் 100க்கு 17 பேர் அளவில். முதல் கிழமைக்குள் வரும் வலிப்பை மருந்தால் குறைக்கலாம். பிறகு வருவதை முன்கூட்டியே தடுக்கிற மருந்து இன்னும் இல்லை. வந்த பிறகு கட்டுப்படுத்த நல்ல குளிசைகள் இருக்கின்றன. "சுகமாயிற்று" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலிப்பென்றால் விழுந்து துடிப்பது மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். கதைத்துக்கொண்டிருந்தவர் வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புவார், சட்டையை நோண்டுவார், பிறகு ஒன்றும் நினைவிராது. அதுவும் வலிப்பாக இருக்கலாம். டொக்டரிடம் போனால் பழைய அடியைச் சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தியதென்றாலும் சொல்லுங்கள். மாட்டில் மோதினதைச் சொல்லுங்கள், மரத்தால் விழுந்ததைச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். ஐயோ, முதலுதவியைக் கடைசிக்கு வைத்தேனே! சரி, கெதியாக. வலிப்பு வந்தவரின் கையில் கொடுக்க இரும்புத் திறப்புத் தேடி ஓடாதீர்கள். வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர் ஒன்றும் வேண்டாம். கையைக் காலை அமத்திப் பிடிக்காதீர்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஒரு பக்கமாகத் திருப்பிவிடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பு முன் அடுத்தது வந்தால், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், அது பையிலேயே கிடக்கிறது. நாடிக்குக் கீழே கொளுக்கியை மாட்டுங்கோ பிள்ளைகள். வணக்கம்.