சித்திரையில் வடிகாலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரமாகப் பஸ்ஸில் போகிறவர்கள், வயல் முடிகிற இடத்தில் இறால் குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடிக்கும் சத்தமும் கேட்டிருக்கும். அந்தக் குட்டைக்கு அனுமதி கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்று என் பேச்சு.

நம் மண்ணில் இது பழைய போராட்டம். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்று 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதையொட்டிய வழிகாட்டு நெறிகள், 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்கே முழுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கேட்டன; அதாவது, பண்ணை வந்தால் சுற்றியுள்ள மண்ணுக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்வது. சிறு பண்ணைக்காரர் பிழைக்கட்டும். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே வடிகாலின் இரு கரையிலும் ஆளுக்கு 2 ஹெக்டேராக 20 பேர் வெட்டினால் அதுவும் 40 ஹெக்டேர்தானே? விண்ணப்பங்கள் தனித்தனியாகத் தேறிவிடுகின்றன. கழிவு முழுவதையும் வாங்குவது அந்த ஒரே வடிகால்.

ஒருமுறை, குட்டைக்கு அனுமதி கேட்ட இடத்தைப் பார்வையிட வந்த குழுவோடு நானும் போயிருந்தேன். மார்கழி மாதம், வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. வடிகாலில் தண்ணீர் எடுத்து உப்பைச் சோதித்தார்கள். நல்ல தண்ணீர் என்று வந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அருகில் வந்து, "ஐயா, இப்போது எங்கே மொண்டாலும் இப்படித்தான் இருக்கும். சித்திரையில் வாருங்கள், எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்" என்றார். அதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் சித்திரை? ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வடிகால்கள் கடலை நோக்கி ஓடுகின்றன. கோடையில் மேலிருந்து வரத்து நின்றுவிடும். ஓதம் ஏறும்போது கடல்நீர் அதே வழியாக உள்ளே வரும். குட்டைக்காரர் அதைத்தான் இறைக்கிறார். இறால் பிடித்ததும் தீவனக் கழிவோடு கலங்கிய நீரை அதிலேயே திறந்துவிடுகிறார். அடித்துக்கொண்டு போக வெள்ளம் இல்லாத மாதம் அது. அடுத்த குட்டைக்காரர் அந்த நீரையே இறைக்கும்போது இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நோயும் கூடவே போகிறது. ஆகவே இந்த மதிப்பீடு உழவருக்கு மட்டுமல்ல, இறால் வளர்ப்பவருக்கும் காப்பு. மறுபடியும் சொல்கிறேன்: கோடையில் அளக்க வேண்டும், வடிகால் முழுவதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கழிவுநீரை வெளியே விடும் முன் தேக்கிச் சுத்திகரிக்கும் கழிவுநீர்க் குட்டை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; பெரிய பண்ணைகளுக்கு அது கட்டாயம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பண்ணைக்குக் கொடுக்கும் பதிவு 5 ஆண்டுகளுக்குத்தான். புதுப்பிக்கும்போது ஊரார் கேள்வி எழுப்பலாம். மே 1 கிராம சபை சித்திரையில்தான் கூடுகிறது. வடிகால் நீரையும் அடிபம்பு நீரையும் சோதித்துத் தர வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள். வணக்கம்.