குருகும் உண்டு

வணக்கம். கதை சொல்கிறவனுக்கே கதை புரியவில்லை என்றால் அதை நாம் எதற்குக் காசு கொடுத்து வாங்கிப் படிக்க வேண்டும்? இது என் அக்கா கேட்ட கேள்வி. கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' நாவலை அவளிடம் கொடுத்திருந்தேன். 1989இல் புக்கர் பரிசு வாங்கிய புத்தகம் என்று பில்டப் வேறு. நூறு பக்கம் தாண்டியதும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அந்த ஆளைப் பிடிச்சு நாலு உலுக்கு உலுக்கணும் போல இருக்குடா. ராமாயணத்தை அவனே சொல்றான், சீதைக்கு ராமன் சித்தப்பான்னும் அவனே சொல்றான்."

அந்த ஆள் ஸ்டீவன்ஸ். ஆங்கிலப் பிரபு ஒருவருடைய மாளிகையில் பட்லர். 1923இல் அங்கே ஒரு மாநாடு நடக்கிறது, பல நாட்டுப் பெரிய மனிதர்கள் கூடியிருக்கிறார்கள். அதே வீட்டின் மாடியில், சின்ன அறை ஒன்றில், ஸ்டீவன்ஸின் அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். இவர் கீழே போர்ட் ஒயின் ஊற்றிக்கொண்டிருக்கிறார். உடம்பு சரியில்லையா என்று ஒருவர் விசாரிக்கிறார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறார். சற்று நேரத்தில் பிரபுவே வந்து, நீ அழுவது போலிருக்கிறதே என்கிறார். ஸ்டீவன்ஸ் சிரித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு வேலைப் பளு என்று சமாளிக்கிறார். 'நான் அழுதேன்' என்று அங்கே ஒரு வரி கிடையாது. அடுத்தவர் கேட்டதை அப்படியே ஒப்பிப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. அப்பா இறந்த பிறகு கண்களை மூடிவிடுவதுகூட அந்த மாளிகையின் தலைமைப் பணிப்பெண் மிஸ் கென்டன்தான். டாக்டர் வந்ததும், கீழே விருந்தாளி ஒருவருக்குக் கால் வலி, கொஞ்சம் பாருங்கள் என்கிறார் மகன். அந்த ராத்திரியை நினைத்தால் தனக்குப் பெருமிதமாக இருக்கிறது என்றும் சொல்கிறார்.

அக்காவுக்கு எரிச்சல் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்ததும் ஒரே இடத்தில்தான்.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் என்னைக் களவில் மணந்தபோது வேறு யாருமே இல்லை, தினைத்தாள் போன்ற காலோடு ஒரு குருகு, அதாவது நாரை, மட்டும் இருந்தது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகு வாய் திறந்தால் மீனைப் பற்றித்தான் பேசும். பேச்சுவாக்கில், பக்கத்தில் இரண்டு பேர் நின்றதையும் உளறிவிடும். எனக்குப் பிடித்தது அப்படிக் கதை சொல்லும் குருகுதான். கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி கொடுப்பதற்காக ஆசிரியர் அதன் கண்ணைக் கட்டிவிட்டால், அது ஏமாற்று வேலை. அங்கே அக்கா கட்சிதான் நானும்.

சிரிக்க வைக்கிற குருகுகளும் உண்டு. 1892இல் புத்தகமாக வந்த 'தி டைரி ஆஃப் எ நோபடி'யில் பூட்டர் என்றொரு லண்டன் குமாஸ்தா. சிவப்பு எனாமல் பெயின்ட் கையில் கிடைத்ததும் ஷேக்ஸ்பியர் புத்தகங்களின் முதுகுவரை அடித்துத் தள்ளுகிறார். குளியல் தொட்டியும் தப்பவில்லை. பிறகு ஒருநாள் அதில் வெந்நீர் ஊற்றிப் படுத்திருக்கும்போது கையெல்லாம் சிவப்பு. ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று நடுங்கிப்போகிறார். நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் நாற்பது பக்கம் போனால் அவர் நம் வீட்டு மாமா மாதிரி ஆகிவிடுகிறார், கேலி செய்ய மனசு வருவதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிற குருகு, ரிங் லார்ட்னரின் 'ஹேர்கட்' சிறுகதையில் வரும் முடிதிருத்துபவர். 1925இல் வந்த கதை. ஊரில் ஜிம் என்றொருவன், எல்லாரையும் விளையாட்டு என்ற பெயரில் நோகடிக்கிறவன். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து புத்தி சற்று மந்தமான பையன் ஒருவனோடு வாத்து வேட்டைக்குப் போகிறான். அங்கே குண்டு பாய்ந்து சாகிறான். தற்செயல் என்று முடிவாகிறது. அதற்கு முன் யார் யாரிடம் என்ன சொன்னார், பையனுக்கு யார்மேல் பிரியம், எல்லாவற்றையும் கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டே வரிசையாகச் சொல்கிறார். சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. ஜிம் தமாஷான ஆள், இப்போது கடையே வெறிச்சென்று இருக்கிறது என்று அங்கலாய்க்கிறார். நாற்காலியில் இருப்பவர் கதை முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது நாம்தான். கழுத்தைச் சுற்றித் துணி, எழுந்து போகவும் முடியாது. அவர் சீப்பை எடுத்துக்கொண்டு கேட்கிறார்: தண்ணீர் தொட்டு வாரட்டுமா, சும்மா வாரட்டுமா?