குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை

புதுச்சேரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் போதையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆலோசகராகப் பணியாற்றி வரும் நான், இந்தப் பணிக்குத் தமிழ்நாட்டில் பாதை அமைத்துத் தந்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் சாந்தி ரங்கநாதன்.

மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத அந்த வீட்டுக்குள்ளும் குடிநோய் புகுந்தது. சிகிச்சைக்காக அமெரிக்கா வரை அழைத்துச் சென்றும் கணவரைக் காப்பாற்ற முடியவில்லை. 1979இல், இளம் வயதிலேயே அவர் காலமானார். அடுத்த ஆண்டே கணவரின் பெயரில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மருத்துவ அறக்கட்டளை உருவானது. டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்திருப்பது அதைத்தான். அதன்பின் குடிநோயாளிகளோடு போதைப்பொருளுக்கு அடிமையானவர்களும் அங்கே சிகிச்சை பெற்றார்கள். 1992இல் சாந்தி அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விருதை விடவும் என் மனத்தில் நிற்பது அந்தப் பெயர்ப்பலகைதான். குடியால் இறந்தவரைப் பற்றி யார் கேட்டாலும் "நெஞ்சுவலி வந்தது, போய்விட்டார்" என்று சொல்லி முடிப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். அப்படி மறைத்துவிடக்கூடிய ஒரு மரணத்தை, கணவரின் பெயரையே முகப்பில் எழுதி ஊரறியச் செய்ய எத்தனை துணிவு வேண்டும்! நோயாளியின் மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியே ஆலோசனை தர வேண்டும் என்று அந்த நிறுவனம் வலியுறுத்தியதற்கும், அவரே அப்படிப்பட்ட ஒரு மனைவியாக இருந்ததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

புதுச்சேரியில் மது விலை குறைவு என்பதால் கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கும் கன்னியக்கோயிலுக்கும் வந்து குடித்துத் திரும்புவோரின் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சம்பளத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் மனைவி, வேலைக்குப் போகாத கணவனுக்காக மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்கிறார். கடனையும் அவரே அடைக்கிறார். அன்பினால் செய்யும் இந்தக் காரியங்களே, குடியின் விளைவு குடிப்பவரைத் தீண்டாமல் காத்து, நோய் நீடிக்க வழி செய்துவிடுகின்றன. இதைக் குற்றமாகச் சொல்லாமல் அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாக விளங்க வைப்பதே என் வேலையின் பெரும்பகுதி.

இரண்டு ஆபத்துகளை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுப்பது முதலாவது. குடியை நிறுத்துவதற்காகத் தரப்படும் டைசல்பிராம் என்னும் மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் மேற்பார்வையில், நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே அதைத் தரலாம். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்வது இரண்டாவது. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை கைநடுங்கி, இல்லாத உருவங்களைப் பார்த்து அலறுவதும் உண்டு. பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். போக வேண்டிய இடமோ மருத்துவமனை.

கஞ்சா, வலிநிவாரணி மாத்திரை என்று பிள்ளைகள் சிக்கும்போது பெற்றோரை வாய்திறக்க விடாமல் தடுப்பது காவல்துறை பற்றிய அச்சம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைப்பொருளுக்கு அடிமையானவர், அதை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குப் பெற அது இடமளிக்கிறது. இதை அறியாமல் மாதக்கணக்கில் மகனை ஒளித்து வைத்த தாய்மார்களைப் பார்க்கும்போது, இந்தச் செய்தி ஏன் பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு எழுகிறது.

"அவர் வர மாட்டேன் என்கிறாரே, நான் மட்டும் வந்து என்ன பயன்?" என்று பலர் கேட்கிறார்கள். தயங்காமல் நீங்கள் மட்டும் வாருங்கள். குடிநோயாளிகளின் உறவினர்களுக்கென்றே 1951இல் அமெரிக்காவில் உருவான அல்-அனான் என்னும் கூட்டமைப்பு, குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் குடும்பத்தார் தங்கள் மனநலத்தைத் தேடிக்கொள்ளலாம் என்ற அடிப்படையில்தான் இயங்குகிறது. எப்படிப் பேசுவது, எதைக் கொடுக்க மறுப்பது, அடி விழும் சூழலில் பிள்ளைகளோடு எங்கே போவது என்பதையெல்லாம் திட்டமிட அவர் உடனிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கட்டணமில்லாத 14446 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பேசலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம். வரும்போது, அவர் எதைப் பயன்படுத்துகிறார், எத்தனை ஆண்டுகளாக, கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.