இன்று எவ்வளவு செலவழிக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்காக ஒரு வரவு செலவு, சேமிப்புச் செயலியை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. செயலி செய்பவர்களுக்கு மட்டுமல்ல, அதைப் போனில் ஏற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது உதவும்.

சம்பளம் கையில் வந்த காலத்தில், வந்த அன்றே அதைப் பிரித்து வைத்துவிடுவார்கள். வாடகைக்கு ஒரு கவர், சீட்டுக்கு ஒரு கவர், அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த நோட்டு. மீதி இருப்பதுதான் கைச்செலவுக்கு. இன்று சம்பளம் மொத்தமாகக் கணக்கில் ஏறுகிறது. வாடகைப் பணமும் டீக்காசும் ஒரே எண்ணாகத் திரையில் நிற்கின்றன. 24,000 இருக்கிறது என்று பார்க்கிறவருக்கு, அதில் தன்னுடையது எவ்வளவு என்று தெரிவதில்லை. அந்தக் கவர்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான் செயலியின் முதல் வேலை. மாதக் கடைசியில் வட்டப்படம் போட்டு ‘சாப்பாட்டுக்கு 31 சதவீதம்’ என்று காட்டுவது அதற்குப் பிறகுதான். பணம் போன பின்னால் வரும் படம் யாருக்கும் கைகொடுப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 24,000. சாப்பாட்டோடு சேர்த்து ஹாஸ்டல் 7,500. ஊரில் அம்மாவுக்கு 5,000. பைக் தவணை 2,800. சேமிப்பு 1,500. இதோடு விடக் கூடாத ஒன்று, ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் செலவு: தீபாவளிக்கு 7,000, பைக் காப்பீடும் சர்வீஸும் 4,000, பொங்கலுக்கு ஊர் போய்வர 3,400. மொத்தம் 14,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,200. இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது 6,000 ரூபாய். முப்பது நாளுக்கு, நாளொன்றுக்கு 200.

செயலியைத் திறந்ததும் பெரிய எழுத்தில் தெரிய வேண்டியது இந்த 200 மட்டுமே. பத்து நாள் முடிவில் 2,600 செலவாகியிருந்தால், மீதி 3,400-ஐ இருபது நாளுக்குப் பிரித்து 170 என்று மாற வேண்டும். ‘600 ரூபாய் கூடுதலாகச் செலவழித்துவிட்டீர்கள்’ என்று சிவப்பில் எழுதுவதைவிட இது நல்லது. திட்டும் செயலியை யாரும் இரண்டாவது முறை திறப்பதில்லை. 170 என்றால் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க முடிகிறது.

மாதம் என்பது ஒன்றாம் தேதி தொடங்குவது அல்ல, சம்பளம் ஏறும் நாளில் தொடங்குவது. சிலருக்கு 28, சிலருக்கு 7. டெலிவரி வேலை பார்ப்பவருக்கு வாராவாரம். இதைப் பயனர் தேர்ந்தெடுக்க வழி இல்லையென்றால் மேலே சொன்ன கணக்கு முதல் மாதமே பொய்த்துவிடும். ரீசார்ஜையும் கவனியுங்கள். 28 நாள் பேக் போடுகிறவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறார். ‘மாதாந்திரச் செலவு’ என்று பதிவு செய்தால் அந்தப் பதின்மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இடிக்கும்.

அடுத்தது தகவல் எப்படி உள்ளே வருகிறது என்பது. இதில்தான் பெரும்பாலான செயலிகள் தடுமாறுகின்றன.

எல்லாவற்றையும் கையால் எழுதச் சொன்னால் பத்து நாள் எழுதுவார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள். அதனால் பலர் வங்கியின் குறுஞ்செய்தியைப் படிக்கும் வழிக்குப் போகிறார்கள். ஆண்ட்ராய்டில் இது முடியும், ஐபோனில் முடியாது. முடிகிற இடத்திலும் சிக்கல்கள் உண்டு. 100 ரூபாய்க்குக் குறைந்த யு.பி.ஐ. செலவுகளுக்குச் சில வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டன. ஆட்டோபேயில், அதாவது ஒருமுறை அனுமதி கொடுத்தால் குறித்த தேதியில் தானாகப் பணம் போகும் முறையில், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே ‘இத்தனை ரூபாய் எடுக்கப்படும்’ என்று தகவல் வரும். ‘எடுக்கப்படும்’ என்பதை ‘எடுக்கப்பட்டது’ என்று செயலி படித்துவிட்டால் ஒரே சந்தா இரண்டு முறை செலவாகப் பதிவாகிவிடும். அதே பெட்டியில் ஓ.டி.பி.யும் சொந்தக் கடிதமும் இருப்பதால், செய்தியைப் போனுக்குள்ளேயே படித்து, தொகையையும் தேதியையும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுச் செய்தியையும் சர்வருக்கு அனுப்புவது நம்பிக்கைத் துரோகம்.

இன்னொரு வழி அக்கவுண்ட் அக்ரிகேட்டர், அதாவது வங்கிக்கும் செயலிக்கும் நடுவில் நின்று கணக்கு விவரத்தைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம். ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. பயனர் ஒப்புதல் கொடுத்தால், வங்கி அவருடைய பரிவர்த்தனை விவரத்தைப் பூட்டிய வடிவில் அனுப்பும். நடுவில் இருக்கும் அக்ரிகேட்டரால் அதைத் திறந்து பார்க்க முடியாது. எதற்காக, எத்தனை நாளுக்கு, எத்தனை முறை என்பதெல்லாம் ஒப்புதலிலேயே எழுதப்பட்டிருக்கும், வேண்டாமென்றால் திரும்பப் பெறலாம். ஆனால் தகவலைப் பெறும் நிறுவனம் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற ஒரு நிதி ஒழுங்காற்று அமைப்பின் கீழ் வர வேண்டும். இரண்டு நண்பர்கள் சேர்ந்து அறையில் எழுதும் செயலிக்கு நேரடியாகக் கிடைக்காது. அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துதான் செய்ய முடியும்.

இதையும் தாண்டி ஒரு ஓட்டை இருக்கிறது: யு.பி.ஐ. லைட். பின் எண் போடாமல் டீக்கும் பஸ்ஸுக்கும் கொடுக்கும் பணம் அது. வங்கிக் கணக்கில் ‘லைட்டுக்கு 500 மாற்றம்’ என்ற ஒரே வரிதான் தெரியும். அந்த 500 எங்கெங்கே போனது என்று வங்கிப் பட்டியலில் இருக்காது. அதைத் துருவ வேண்டாம் என்பதே என் கருத்து. ‘சில்லறைச் செலவு 500’ என்று ஒரே கவரில் போட்டு, அன்றாடக் கணக்கில் கழித்துவிடலாம்.

வந்த தகவலைச் சுத்தம் செய்யாமல் கூட்டினால் தப்பு வரும். சொந்தக் கணக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது செலவு அல்ல. கிரெடிட் கார்டில் வாங்கிய சட்டையையும் கார்டு பில் கட்டியதையும் இரண்டு செலவாக எண்ணக் கூடாது. நாலு பேர் சாப்பிட்ட 1,200 ரூபாயை ஒருவர் கட்டி, மற்ற மூவர் 900 திருப்பி அனுப்பினால், அது வருமானம் அல்ல, அவருடைய செலவு 300 தான். ஒரே பரிவர்த்தனை குறுஞ்செய்தி வழியாகவும் வங்கிப் பட்டியல் வழியாகவும் வந்தால், 12 இலக்க யு.பி.ஐ. எண்ணை வைத்து ஒன்றாக்க வேண்டும். பெட்டிக்கடைகளில் பல, கடைக்காரரின் சொந்தப் பெயரில்தான் க்யூ.ஆர். வைத்திருக்கும். அது கடையா நண்பரா என்று செயலி ஊகிக்கக் கூடாது. ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளட்டும். தொகைகளைப் பைசாவில், முழு எண்ணாகச் சேமியுங்கள். தசமமாக வைத்தால் 0.1-உம் 0.2-உம் கூடக் கணினியில் சரியாக 0.3 ஆகாது.

இனி சேமிப்பு. பில்லை முழுமையாக்கி மீதியைச் சேமிக்கும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. 43 ரூபாய் பில்லை 50 ஆக்கி 7 ரூபாயை ஒதுக்குவது. நம் ஊரில் டீ, பஜ்ஜி, ஷேர் ஆட்டோ என்று பலவும் 10, 20 என்றே முடிவதால் அதில் பெரிதாகச் சேராது. தானாக எடுக்கும் பணத்துக்கும் ஒரு தரைமட்டம் வேண்டும். கணக்கில் 1,000 ரூபாய்க்குக் கீழ் போனால் அந்த வாரம் எடுக்கக் கூடாது.

சேமிப்பு நிலைப்பது சரியான தேதியில்தான். பயனர் ஒருமுறை பின் போட்டு ஆட்டோபேக்கு அனுமதி கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்காமல் எடுக்கலாம். அதை ஒன்றாம் தேதிக்கு வைத்துவிட்டு, சம்பளம் மூன்றாம் தேதி ஏறினால் கட்டளை தோற்கும். வங்கிக் கணக்கிலிருந்து தவணைகளைத் தானாக எடுக்கும் இன்னொரு ஏற்பாடான நாச் முறையில் போட்டது, பணமில்லாமல் திரும்பினால் வங்கி சில நூறு ரூபாய் அபராதமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுக்கும். 500 சேமிக்கப் போய் அதில் பாதிக்கு மேல் இழந்தவர் மறுபடி சேமிப்புப் பக்கம் வரமாட்டார். கடந்த மூன்று மாதச் சம்பளத் தேதியைப் பார்த்து, அதில் மிகத் தாமதமாக வந்த தேதிக்கு இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

தொகையை எப்போது கூட்டுவது? பொருளாதார ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. வருங்காலச் சம்பள உயர்வில் ஒரு பங்கைச் சேமிக்க முன்கூட்டியே சம்மதித்த தொழிலாளர்களின் சேமிப்பு, 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கையில் வந்த பணத்தைக் குறைப்பதுதான் வலிக்கிறது. அதனால் முதல் நாளே கேளுங்கள்: ‘அடுத்த இன்கிரிமென்ட்டில் பாதியைச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா?’

சேர்த்த பணம் எங்கே இருக்கிறது என்பதை மறைக்கவே கூடாது. செயலி தானே பணத்தை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 2019-இல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாலெட்டில் போட்டால் வட்டி கிடையாது. டிஜிட்டல் தங்கம் என்றால் வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறது, விற்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவு. ஆறு மாதத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமல்ல. பயனர் பெயரிலேயே வங்கியில் ஒரு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போதும். வங்கி திவாலானாலும் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு.

செயலியை வெளியிடும் முன் சோதிப்பதற்குச் சரியான காலம் மாதத்தின் கடைசி வாரம். கணக்கில் 340 ரூபாயும் சம்பளத்துக்கு ஐந்து நாளும் இருக்கிற ஒருவரிடம் போனைக் கொடுங்கள். திரையில் 68 என்று தெரிய வேண்டும். அந்த நேரத்தில் ‘உடனடிக் கடன்’ என்ற விளம்பரம் அதே திரையில் மின்னினால், இதுவரை சொன்ன எதுவும் அவருக்குப் பயன்படாது. வணக்கம்.