பேச்சுத் துணையே மூளைக்குக் காவல்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, மயிலாப்பூர் மக்களே, வணக்கம்.

"மூளையைக் காப்பது பெரிதும் தனிப் பயிற்சியா, பேச்சுத் துணையா?" இதுதான் இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் சற்றுமுன் காலை நடையையும் குறுக்கெழுத்தையும் முன்னிறுத்தி முழங்கினார். 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றையும் எடுத்து வைத்தார்: வாரம் 3 நாள், 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் ஓராண்டில் 2 சதவீதம் பெரிதானது. உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தி.நகர் நடேசன் பூங்காவுக்குக் காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். தூறலிலும் ஒருவர் வருகிறார் என்றால், வாசலில் இன்னொருவர் காத்திருப்பார் என்பதால்தான். அந்த நண்பர் மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டால், அடுத்த மாதமே இவர் நடையும் நின்றுவிடுகிறது.

என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, நங்கநல்லூரில் எங்களோடு இருக்கிறார். ஒருநாள் "அம்மா, பால் வாங்கியாச்சா?" என்றேன். "பாலு வந்தாச்சா? எப்ப வந்தான்?" என்றார். இப்படியே நாலு தடவை ஆனதும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து 'அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிட்டோம். அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய தவறு. அவரிடம் எதையும் கேட்பதையே விட்டோம். தம்பி மகள் கல்யாணப் பேச்சு அவர் பக்கத்திலேயே நடந்தது, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் பேச்சைக் குறைத்தார். கோயில் தோழிகளிடம் போவதை நிறுத்தினார். மதியம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

மூளைக்கு வேலை கொடுக்கலாமே என்று சுடோகு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். கடகடவென்று போட்டு முடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழைத்துப்போய்க் காதைச் சோதித்தோம். இரண்டு காதிலும் மெல்லிய ஒலி விழவே இல்லை. மறதியெல்லாம் ஒன்றுமில்லை!

நடுவர் அவர்களே, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. உலக அளவில் இந்த நோயில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு என்று 2024-ல் லான்செட் இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பிரித்துக் காட்டியது. அந்த 45-ல் உடலுழைப்பு இல்லாமைக்கு 2. தனிமைக்கு 5. காது கேளாமைக்கு 7! குறைந்த கல்விக்கும் 5 உண்டு, அதை எதிரணிக்கே தருகிறேன். ஆனால் அது இளமையில் கிடைக்காமல் போன கல்வி, அறுபதில் பிடிக்கும் பென்சில் அல்ல.

காது மங்கினால் மூளை ஏன் தளர வேண்டும்? அரைகுறையாக விழும் சொல்லை ஊகித்துப் பிடிப்பதிலேயே அதன் சக்தி கரைகிறது, நினைவில் பதிய மிச்சம் இல்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். இன்னொன்று, கேட்காதவர் கூட்டத்தை விட்டு ஒதுங்குவது. அதை என் வீட்டிலேயே பார்த்தேன். 2023-ல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது காது மிஷினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ஆபத்து அதிகம் இருந்த பிரிவில், 3 ஆண்டுகளில் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது.

ஒரு பேச்சில் என்னென்ன வேலை பாருங்கள். எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்க வேண்டும், விட்ட இடத்தை நினைவில் வைக்க வேண்டும், சொல்லைத் தேட வேண்டும், எப்போது வாய் திறப்பது என்று கணிக்க வேண்டும். யார் யாருக்குச் சம்பந்தி என்பது வேறு!

அம்மா இப்போது காது மிஷின் போட்டிருக்கிறார். முதல் மாதம் "இரைச்சலா இருக்கு" என்று கழற்றிக் கழற்றி வைத்தார். விடாமல் பழக்கினோம். நேற்று கீழே தள்ளுவண்டிக்காரரிடம் "போன வாரம் பத்து ரூபாய்க்கு இதைவிடப் பெரிய கட்டு குடுத்தியேப்பா" என்று கொத்தமல்லிக்காகப் பத்து நிமிடம் வாதாடினார். அந்தப் பத்து நிமிடத்தை எதிரணி எந்தக் கட்டத்தில் எழுதி நிரப்பப் போகிறார்கள்? தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.