ஃபெலிக்ஸுக்கு ஒரு அக்டோபர் கெடைக்கல

வணக்கம் நேயர்களே. 2025 அக்டோபர் 20 ராத்திரி, டொராண்டோ டீம் கூட அவங்க ஊர்ல கடைசி பேஸ்பால் மேட்ச், அதாவது ஏழாவது மேட்ச், ஒம்பது இன்னிங்ஸ்ல ஏழாவது நடக்குது, நம்ம சியாட்டல் மரினர்ஸ் 3-1 லீட்ல இருக்கு, இன்னும் எட்டே அவுட் எடுத்துட்டா வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற ஃபைனல். 1977ல ஆரம்பிச்ச டீம் இது, வட அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல இருக்கற 30 டீம்ல இன்னிக்கு வரைக்கும் வேர்ல்ட் சீரிஸ் வாசல மிதிக்காத ஒரே டீம். அப்போ டொராண்டோவோட ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஒரு அடி அடிச்சார் பாருங்க, பந்து வேலிய தாண்டிப் போற ஹோம் ரன், ஒரே அடில மூணு ரன், 4-3, அத்தோட முடிஞ்சது. டிவிய அணைச்சுட்டு ரொம்ப நேரம் இருட்டுலயே உக்காந்திருந்தேன். அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வந்தது ஆடிட்டு இருந்த பசங்க யாரும் இல்ல, நம்ம டீம்ல முன்னாடி பிட்சரா, அதாவது பந்து போடறவரா இருந்த ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ்.

ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி மத்தவங்கள பத்தியும் சொல்லணும், இல்லன்னா அது நியாயமில்ல.

கென் கிரிஃபி ஜூனியர் 1989ல 19 வயசுல வந்தார், அடுத்த வருஷமே அவங்க அப்பாவும் இதே டீம்ல சேர்ந்து ஆடினார், 1990 செப்டம்பர்ல ஒரு நாள் அப்பா ஹோம் ரன் அடிக்க அடுத்த ஆளா வந்த புள்ளையும் ஹோம் ரன் அடிச்சார், இந்த மாதிரி வேற எங்கயும் நடந்ததில்ல. 1995ல ப்ளேஆஃப், அதாவது சீசன் முடிஞ்சு அக்டோபர்ல சாம்பியன் பட்டத்துக்காக நடக்கற சுற்று, அதுல நியூயார்க் யாங்கீஸ் டீம் கூட அஞ்சாவது மேட்ச், பதினொன்னாவது இன்னிங்ஸ், எட்கர் மார்ட்டினெஸ் இடது பக்கம் ஒரு டபுள், அதாவது ரெண்டு பேஸ் ஓடற அளவுக்கு ஒரு அடி, அடிக்கிறார், முதல் பேஸ்ல நின்ன கிரிஃபி அங்கேருந்து ஒரே ஓட்டமா ஓடி வந்து ரன் கணக்காகற ஹோம் பிளேட்ல சறுக்கி 6-5னு ஜெயிக்க வெச்சார், எழுந்திரிக்க முடியாத அளவுக்கு மேல டீமே விழுந்து கெடக்குது, அடியில கிரிஃபி முகம் மட்டும் சிரிக்குது. இந்த ஊர்ல பேஸ்பால் நிலைச்சதே அந்த ஓட்டத்தாலதான்னு நான் நம்புறேன், புது ஸ்டேடியத்துக்குப் பணம் ஒதுக்கினதும் அதே மாசம்தான். ஆனா 2000ல அவர் சின்சினாட்டிக்குப் போயிட்டார். நம்ம பெரிய பிட்சர் ராண்டி ஜான்சன் அதுக்கு முன்னாடியே 1998ல போயாச்சு.

எட்கர் போகல. 18 சீசனும் இங்கதான். அவருக்குக் கண்ணுல ஒரு கோளாறு இருந்துச்சு, ரெண்டு கண்ணும் ஒரே எடத்த சேர்ந்து பாக்காது, வேகமா வர்ற பந்து எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கணிக்கறதே கஷ்டம், அதுக்காக தெனமும் கண்ணுக்குப் பயிற்சி பண்ணுவார், டென்னிஸ் பந்துல நம்பர் எழுதி அத மெஷின்ல வீசச் சொல்லி நம்பர படிச்சுப் பழகுவார். அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு சீசன்லயே அதிக பேட்டிங் சராசரிக்கான பட்டம் ரெண்டு, 1992லயும் 1995லயும். பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல அவர சேர்க்கறதுக்கு பத்து வருஷம் ஓட்டுப் போட்டு, கடைசி வாய்ப்புல 2019லதான் சேர்த்தாங்க, எனக்கு இன்னும் அந்தக் கோவம் இருக்கு.

இச்சிரோ சுஸுகி பத்தி பேச ஒரு தனி நாளே வேணும். 2001ல ஜப்பான்லருந்து வந்தார், டீம் அந்த வருஷம் 116 மேட்ச் ஜெயிச்சுது. 2004ல அவர் ஒரே சீசன்ல 257 ஹிட், அதாவது பந்த அடிச்சு பேஸ் பிடிக்கறது, எடுத்த ஜார்ஜ் சிஸ்லரோட ரெக்கார்ட தாண்டினார், அந்த ரெக்கார்ட் 1920லருந்து நின்னுட்டு இருந்தது. தாண்டின உடனே என்ன பண்ணார் தெரியுமா, ஸ்டாண்ட் பக்கம் போய் அங்க உக்காந்திருந்த சிஸ்லரோட வயசான மகளுக்குக் கை குடுத்தார். 262 ஹிட்டோட அந்த சீசன முடிச்சார், எனக்கு அந்தக் கைகுலுக்கல்தான் பெருசு.

இப்போ ஃபெலிக்ஸ். வெனிசுவேலா பையன், 2005ல 19 வயசுல பிட்சரா வந்தான், அவன்னு சொல்றேன், நம்ம வீட்டுப் பையன் மாதிரி வளர்ந்தத பார்த்ததால அப்படித்தான் வருது. 2001க்கு அப்புறம் டீம் ப்ளேஆஃப் பக்கமே போகல, அந்த இருட்டுக் காலம் முழுக்க அஞ்சு நாளைக்கு ஒரு தடவ இவன் பந்து போடற அன்னிக்கு மட்டும் விளக்கு எரியும். ஸ்டேடியத்துல ஒரு பக்கம் பூரா மஞ்சள் சட்டை, கையில கே எழுத்து போட்ட அட்டை, கேன்னா ஸ்ட்ரைக் அவுட், மூணு ஸ்ட்ரைக்ல ஆள வெளிய அனுப்பறது, அந்தப் பக்கத்துக்கு கிங்ஸ் கோர்ட்னு பேரு. 2010ல டீம் 101 மேட்ச் தோத்துச்சு, அடிக்கவே ஆள் இல்ல, இவன் கணக்கு 13 ஜெயம் 12 தோல்வி, ஆனாலும் சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்ட் இவனுக்குத்தான் குடுத்தாங்க, ஏன்னா ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா 2.27 ரன்தான் விட்டிருக்கான், இதுக்கு மேல ஒரு பிட்சர் என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

2012 ஆகஸ்ட் 15, புதன்கெழம மத்தியானம், டாம்பா பே டீம். 27 பேர் பேட் பிடிச்சு வந்தாங்க, 27 பேரும் திரும்பிப் போனாங்க, ஒருத்தர் கூட முதல் பேஸ மிதிக்கல. பெர்ஃபெக்ட் கேம். 113 பந்து, 12 ஸ்ட்ரைக் அவுட். நம்ம டீம் எடுத்ததும் ஒரே ஒரு ரன்தான், 1-0, அதாவது ஒரு சின்னத் தப்புக்குக் கூட எடமில்லாம அவன் கடைசி வரைக்கும் போடணும். கடைசி ஸ்ட்ரைக் விழுந்ததும் ரெண்டு கையயும் வானத்துக்குத் தூக்கினான். ஆபீஸ்ல ஹெட்போன்ல கேட்டுட்டு இருந்த நான் எழுந்து நின்னுட்டேன், பக்கத்துல இருந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க, எனக்குப் பேச்சே வரல.

ஒப்பந்தம் முடிஞ்சதும் வேற எங்கயாவது போயிருக்கலாம், போகல, அடுத்த வருஷமே இங்கயே ஏழு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான், போடறப்போ அழுதான். 2014ல சீசனோட கடைசி நாள் இவன்தான் பிட்சர், ஜெயிச்சா ப்ளேஆஃபுக்கு வாய்ப்பு, ஆனா கூடவே ஓக்லாந்து தோக்கணும். இவன் பந்து போட்டுட்டு இருக்கும்போதே ஓக்லாந்து ஜெயிச்சுருச்சுன்னு போர்டுல வந்துருச்சு. ஒரே ஒரு மேட்ச்ல போச்சு. அவன வெளிய கூப்பிட்டப்போ மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. 2019 செப்டம்பர்ல தோள் தேஞ்சு வேகம் கொறஞ்சு கடைசி மேட்ச் ஆடினான், 169 ஜெயம், ப்ளேஆஃப்ல ஒரு பந்து கூட இல்ல.

இப்போ இருக்கற பசங்கள எனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சுடாதீங்க. கால் ராலி கேட்சர், தெனமும் முட்டி போட்டு உக்காந்து பந்து வாங்கற வேலை, அத செஞ்சுக்கிட்டே 2025ல 60 ஹோம் ரன் அடிச்சான், எந்த கேட்சரும் 50ஐக் கூடத் தொட்டதில்ல. ஹூலியோ ரொட்ரீகஸ் சென்டர் ஃபீல்டுல ஓடறப்போ எனக்குக் கிரிஃபி ஞாபகம் வருது. 21 வருஷம் ப்ளேஆஃப் இல்லாம கெடந்த டீம 2022 செப்டம்பர் 30ல உள்ள கொண்டு போனது கூட அதே ராலி ஒம்பதாவது இன்னிங்ஸ்ல அடிச்ச ஹோம் ரன்தான்.

அந்த 2022 அக்டோபர்ல, ஹூஸ்டன் கூட மேட்ச், 21 வருஷத்துக்கு அப்புறம் நம்ம ஊர்ல ஒரு ப்ளேஆஃப் மேட்ச். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சம்பிரதாயத்துக்கு முதல் பந்து போட ஒருத்தர கூப்பிட்டாங்க. ஃபெலிக்ஸ் வந்தான். ஸ்டேடியம் போட்ட சத்தம் அடங்க ரொம்ப நேரமாச்சு. மேட்ச் 18 இன்னிங்ஸ் போச்சு, 1-0னு தோத்துட்டோம். ஆனா அன்னிக்கு அக்டோபர்ல, பிட்சர் நிக்கற அந்த மேட்டுல நின்னு, ஃபெலிக்ஸ் ஒரு பந்து போட்டான். அத நான் பார்த்தேன்.