சேலத்தில் தொடங்கும் சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை வழியாகக் கோவைக்குப் போகும் பெரிய சாலையில் நாம் எல்லோரும் போயிருப்போம். 544 என்று எண் போட்ட அந்தத் தேசிய நெடுஞ்சாலை கோவையோடு நிற்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, திருச்சூர், ஆலுவா வழியாகப் போய்க் கொச்சி இடப்பள்ளியில்தான் முடிகிறது. நம் ஊரில் புறப்படும் சாலை ஒரு துறைமுக நகரத்தில் போய் நிற்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

ஏற்காட்டில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சிறு விவசாயி நான். விவசாயிகள் கூட்டம், வியாபாரிகள் கூட்டம் என்று கொச்சிக்கு நாலைந்து முறை போய் வந்திருக்கிறேன். டாக்டர்கள் மாநாடு, வியாபார சங்கக் கூட்டம், கம்பெனி விற்பனைக் கூட்டம் என்று சேலத்திலிருந்தும் பலர் போகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கூட்டம் முடிந்த அன்று ராத்திரியே ரயில் ஏறிவிடாதீர்கள்.

முதல் தடவை நான் அப்படித்தான் ஏறினேன். காலை ஒன்பது மணிக்கு ஏசி அரங்கத்துக்குள் போனால், வெளியே வரும்போது இருட்டியிருக்கும். இரண்டு நாளும் இப்படியே. ஜன்னல் திரையை யாரும் விலக்கவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் காயல் இருந்தது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். "கடல் எப்படி இருந்துச்சுப்பா?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த தடவை குடும்பத்தோடு போய் மூன்று நாள் தங்கினேன்.

எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடி பன்னியூர் மிளகு. கேரளத்தில் உருவாக்கிய ரகம். கொச்சியை உலகத்துக்குக் காட்டியதும் இந்த மிளகுதான். அதற்கும் முன்னால், பக்கத்தில் முசிறி இருந்தது. யவனர்கள் பொன்னோடு வந்து கறியோடு போனார்கள் என்று சங்கப் பாட்டு சொல்லும் முசிறி. கறி என்றால் அன்றைக்கு மிளகு. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சியில் கடல்வாயைத் திறந்துவிட்டது என்கிறார்கள். அதன் பிறகு கொச்சியின் காலம். 1500-ல் போர்ச்சுகீசியர் வந்தார்கள், 1663-ல் டச்சுக்காரர்கள், 1795-ல் ஆங்கிலேயர்.

அரபு வியாபாரி, யூத வியாபாரி, குஜராத்தி, கொங்கணி எல்லோரும் வந்த ஊர் அது. பாய்மரக் கப்பல் காலத்தில் வந்தவன் நினைத்த நாளில் கிளம்ப முடியாது. காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சரக்கு வைக்கக் கிடங்கு வேண்டும், கும்பிட ஒரு இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். வந்தவர்கள் தங்கித் தங்கியே உருவான நகரம் கொச்சி. அரை நாளில் பார்த்துவிட்டு ஓடுகிறவருக்கு அது பிடிபடாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதை உணர வேண்டுமானால் மட்டாஞ்சேரிக்குப் போக வேண்டும். கடைத்தெருவில் சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசனை சுவரிலேயே ஊறியிருக்கிறது. ஒரு பழைய கிடங்கில் பையிலிருந்த எங்கள் மிளகை எடுத்துக் காட்டினேன். பெரியவர் ஒருவர் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார், ஊதினார், ஒன்றைக் கடித்தார். "மலை மிளகு, களத்தில் இன்னும் ஒரு நாள் காய்ந்திருக்க வேண்டும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். மழை மேகம் வந்துவிட்டது என்று அந்த வருஷம் நான் அவசரப்பட்டு அள்ளியிருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் 1568-ல் கட்டிய யூதக் கோயில். தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீல நிறக் கைச்சித்திர ஓடுகள். பக்கத்திலேயே மட்டாஞ்சேரி அரண்மனை. போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் பழுது பார்த்தது. உள்ளே சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். வெள்ளிக்கிழமை இரண்டுமே மூடியிருக்கும், யூதக் கோயில் சனிக்கிழமையும் திறக்காது. வார இறுதிக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபோர்ட் கொச்சி. வாஸ்கோ ட காமா 1524-ல் கொச்சியில் இறந்தபோது புதைத்த பிரான்சிஸ் தேவாலயம் அங்கே இருக்கிறது. உடலைப் பின்னால் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லோரும் படம் எடுக்கும் சீன வலைகளும் அங்கேதான். கயிற்றில் கட்டிய கல் எடைகள் இறங்க இறங்க, வலை தண்ணீரிலிருந்து எழும். ஏற்றக் கிணறு பார்த்த நம்மவர்களுக்கு அதன் சூட்சுமம் ஒரு நொடியில் புரிந்துவிடும். அதைவிட என் மனதில் நிற்பது அங்கே வேலி என்ற பகுதியில் இருக்கும் சலவைக்கூடம். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துப் போன சலவைத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள், தேய்க்கிறார்கள். அவர்கள் தமிழில் பேசக் கேட்டபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

மாநாட்டு வசதியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. போல்காட்டித் தீவில் 2018-ல் திறந்த பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது, நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டியும் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் வந்தாலும் தாங்கும். கூட்டம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மதியத்தையாவது காலியாக விடுங்கள். ஜூன், ஜூலையில் வைக்காதீர்கள், அங்கே தென்மேற்குப் பருவமழை நம் சேலத்துத் தூறல் மாதிரி இருக்காது. டிசம்பர், ஜனவரி நல்லது. 2012 முதல் நடக்கும் பினாலே கலைக் கண்காட்சி உள்ள வருஷமாக இருந்தால் அந்தப் பழைய கிடங்குகளுக்கு உள்ளேயும் போய்ப் பார்க்கலாம்.

கார் வேண்டாம் என்பேன். சேலம் ஜங்ஷனில் நள்ளிரவுக்கு மேல் ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, ஹைகோர்ட் படகுத்துறைக்கு நடந்து போங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. பேட்டரியில் ஓடுவதால் சத்தமும் புகையும் இல்லை. படகின் தளம் துறை மேடையோடு சமமாக வந்து நிற்கும். முட்டி வலியுள்ள என் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், எழுபது வயதில் முதல் முறையாகக் கப்பல்களை அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். அந்த வரிசையில் முதலில் கட்டிய படகுக்கு அவர்கள் வைத்த பெயர் முசிறி.

வணக்கம்.